சங்கு கரையில் பொறுக்குவதல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் ஆன்மிகப் பகுதியில், "கரை ஒதுங்கும் சங்குகளை மீனவர்கள் பொறுக்கி வந்து விற்கிறார்கள்" என்று ஒரு வரி இருந்தது. எழுதியவர் எந்தக் கரைக்குப் போனார் என்று தெரிந்தால் நாங்களும் போய்ப் பொறுக்கிக்கொள்வோம்.

தூத்துக்குடியில் என் தகப்பனார் சங்கு குளித்தவர். ஆரம்பத்தில் மூச்சடக்கி இறங்கினார்கள். அப்புறம் படகில் ஓடும் கம்ப்ரஸரின் டியூபைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பில் வலைப்பையோடு பத்துப் பாகம், அதாவது சுமார் அறுபது அடி ஆழத்துக்குப் போனார்கள். அவசரப்பட்டு மேலே வந்தால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழ் கட்டி மூட்டு முடங்கிவிடும். அப்பாவுக்கு வலது தோளும் ஒரு காதும் அப்படிக் கடலில் போனவைதான். உங்கள் அட்டைப்படச் சங்கு போலப் பளீரென்று வெள்ளையாகவும் அது அங்கே கிடக்காது. உயிரோடு இருக்கும்போது பழுப்புத் தோல் போர்த்தி, மணலில் பாதி புதைந்து, புழுக்களைத் தின்று வாழும் பிராணி அது. குறுக்களவு 57 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் எடுக்கக்கூடாது என்று விதி வேறு இருக்கிறது. கரையில் பொறுக்கும் பொருளுக்கு இவ்வளவு காபந்து எதற்கு என்றாவது யோசித்திருக்கலாம்.

படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீங்கள் 'வலம்புரி' என்று போட்டிருப்பது நம் கடல் சங்கே அல்ல. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையிலும் மெக்சிகோ வளைகுடாவிலும் வாழும் வேறொரு நத்தை. அந்த இனத்துக்குப் பிறவியிலேயே அந்தப் பக்கச் சுழிதான், அங்கே அது சர்வ சாதாரணம். நம் சங்கின் வாய்க்குள் நடுத்தண்டில் மூன்று நான்கு மடிப்புகள் இருக்கும், அதற்குக் கிடையாது. வாசகர்களை ஏமாற்றும் வியாபாரிகளுக்கு உங்கள் அட்டையே விளம்பரமாகிவிட்டது. அசல் வலம்புரியை அப்பா ஆயுளில் ஒன்றுகூடக் கண்டதில்லை. உங்களுக்கு மட்டும் பக்கத்துக்கு ஒன்று கிடைக்கிறது!

இது முதல் தடவையும் இல்லை. கொற்கை பற்றி வாரக்கணக்கில் தொடர் போட்டீர்கள். முழுக்க முத்து, முத்து, முத்து. முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுபோனது. அதே கொற்கையில் தோண்டியபோது கிடைத்த அறுத்த சங்குத் துண்டுகளுக்கு ஒரு பத்தி இல்லை. வங்காளத்துக் கல்யாணப் பெண்கள் கையில் போடும் வெள்ளை வளையலுக்குக் காலங்காலமாக இங்கிருந்து சங்கு போகிறதே, அதற்கும் இல்லை. மதராஸ் மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் என்ற வெள்ளைக்காரர் 1914இல் இந்தச் சங்குக்கென்றே ஒரு நூல் எழுதினார். சொந்த ஊர்ப் பத்திரிகைக்கு நாங்கள் புயல் வந்தால்தான் ஞாபகத்துக்கு வருகிறோம். அப்போதே எழுதிய கடிதம் என்ன ஆனதோ, தெரியாது.

தங்களுக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்காது. அடுத்த இதழில், படத்தில் இருப்பது வேறு இனம், சங்கு கடலில் குளித்து எடுக்கப்படுவது என்று இரண்டு வரி போட்டால் போதும். எந்த ராசிக்காரர் எந்தத் திசையில் வைக்க வேண்டும் என்பதற்கு நான்கு பக்கம் கொடுத்தீர்கள், இரண்டு வரிக்கு இடம் இருக்கும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய சந்தாதாரர்,
தூத்துக்குடி