உருண்டை போதும், லாக் வரியைக் காட்டுங்கள்

நெட்வொர்க் பாதுகாப்புக்கான கண்காணிப்புத் திரைகளை வடிவமைக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரியில் வீட்டிலிருந்தே இரவு ஷிஃப்ட் பார்க்கும் அனலிஸ்ட் எழுதுகிறேன். ஐப்பசி மழை பிடித்தால் இங்கே கரன்ட்டும் இன்டர்நெட்டும் மாறி மாறிப் போகும். அந்த லைனில், எங்கிருந்து எங்கே எவ்வளவு டேட்டா போகிறது என்று கோடு போட்டுக் காட்டும் உங்கள் சுழலும் பூமி உருண்டை திறப்பதற்குள் டீ போட்டுக் குடித்துவிடலாம்.

உருண்டை அழகுதான். விருந்தாளி வந்தால் மேலதிகாரி பெருமையாகக் காட்டலாம். ஆனால் போன வருடம் ஒரு இரவு அதில் தடித்த சிவப்புக் கோடு ஒன்று வந்து, அரை மணி நேரம் பதறினேன். கடைசியில் அது வழக்கமான பேக்கப். அதே இரவில் கணக்குப் பிரிவு கம்ப்யூட்டர் ஒன்று, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, முன்பின் தெரியாத முகவரிக்குச் சில பைட்டுகள் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. டேட்டா கூடினால்தான் உங்கள் கோடு தடிக்கும். இது கண்ணிலேயே படவில்லை. மறுநாள் லாக்கை, அதாவது எந்தக் கம்ப்யூட்டர் எப்போது எந்த முகவரியோடு பேசியது என்று வரி வரியாகப் பதியும் குறிப்பை, நேர வரிசையில் வெறும் புள்ளிகளாகப் போட்டேன். தையல் போட்டதுபோலச் சம இடைவெளி! உள்ளே நுழைந்த கள்ள மென்பொருளும் இப்படித் தட்டும், அப்டேட் தேடும் சாதாரண மென்பொருளும் இப்படித் தட்டும் என்பதால், எது எது என்று லாக் வரியைப் படித்துத்தான் பிரிக்க முடிந்தது.

அப்பா டீ ஃபேக்டரியில் டீ மேக்கர். இலை வாட்டும் இடத்தில் தெர்மாமீட்டர் தொங்கும், அதையும் பார்ப்பார். ஆனால் ஒரு பிடி இலையை அள்ளி அமுக்கிப் பார்க்காமல் ரோலருக்கு அனுப்ப மாட்டார். எனக்கு அந்தப் பிடி இலை லாக் வரிதான்.

முதலில் மொத்தக் காட்சி, பிறகு நெருங்கிப் பார்த்தலும் வடிகட்டலும், கேட்டால் விவரம் என்று கம்ப்யூட்டர் திரை வடிவமைப்பு ஆய்வாளர் பென் ஷ்னைடர்மேன் 1996லேயே எழுதிவிட்டார். நீங்கள் முதல் படியிலேயே நின்றுவிட்டீர்கள். புள்ளியைத் தொட்டால் அதன் வரி வரட்டும், காப்பி எடுக்க விடுங்கள். இந்திய அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 உத்தரவுப்படி சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். அந்த அவசரத்தில் திரை யுடிசி என்ற உலகப் பொது நேரத்தையும் லாக் நம் நேரத்தையும் காட்டினால், ஐந்தரை மணியைக் கூட்டிக் கழித்துக்கொண்டா உட்கார்ந்திருப்பது? அப்புறம், சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாத ஒருவர் எங்கள் ஷிஃப்டிலேயே இருக்கிறார். வடிவத்தையாவது மாற்றுங்கள்.

அடுத்த பதிப்பை வரையும் முன் உங்களில் ஒருவர் இங்கே வாருங்கள். ஸ்வெட்டர் அவசியம். இரவு 10 முதல் காலை 6 வரை என் பின்னால் உட்கார்ந்து, உங்கள் திரையை மூடிவிட்டு எத்தனை தடவை கிரெப் (லாக்கில் வரியைத் தேடும் கட்டளை) அடிக்கிறேன் என்று மட்டும் எண்ணுங்கள்.

இப்படிக்கு,
இரவு ஷிஃப்ட் அனலிஸ்ட், கோத்தகிரி