செயலாளரின் ஆண்டறிக்கை – 2024

தலைவர் அவர்களே, போசகர்களே, நிர்வாகசபை உறுப்பினர்களே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

எமது சனசமூக நிலையத்தின் 2024ஆம் ஆண்டுக்கான அறிக்கையை இந்தப் பொதுக்கூட்டத்தில் சமர்ப்பிக்கிறேன். போன முறை நான் அறிக்கை வாசித்தபோது பின்வரிசையில் குறட்டைச் சத்தம் கேட்டதாகப் பொருளாளர் அண்ணை இன்னமும் பகிடி பண்ணுகிறார். ஆகவே வழமையான விடயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, இந்த ஆண்டு நீங்கள் எல்லோரும் அதிகம் கதைத்த விடயத்துக்கு வருகிறேன்.

நிர்வாகசபை மாதாமாதம் கூடியது. சில மாதங்களில் போதிய உறுப்பினர் வராததால் கலைந்தது. வாசிகசாலைக்குப் பத்திரிகை எடுப்பது தொடர்கிறது. விலை கூடியதால் வார இதழ்கள் சிலவற்றை நிறுத்த வேண்டி வந்தது. சிரமதானம் நடந்தது, வந்தவர்களுக்கு நன்றி, வராதவர்கள் யார் என்று எல்லோருக்கும் தெரியும். செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல், நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல் என்று ஒரே ஆண்டில் இரண்டு வந்ததால் மண்டபம் பல நாட்கள் எங்கள் கையில் இல்லை. சரஸ்வதி பூசைக்கு வாசலில் கட்டிய வாழையை விடிவதற்குள் மான்கள் தின்றுவிட்டன. மான்கள் தெருவில் திரியும் திருகோணமலையில் இருந்துகொண்டு இதை முறைப்பாடு என்று எழுத முடியாது, பதிவுக்காகச் சொல்கிறேன். நவம்பர் கடைசியில் பெய்த மழையில், உயர்தரப் பரீட்சையே இடைநிறுத்தப்பட்ட அந்த நாட்களில், புத்தக அறையின் கூரை ஒழுகியது. ஓடு மாற்றியாயிற்று, நனைந்த புத்தகங்களில் பெரும்பாலானவை காய்ந்துவிட்டன.

சரி, இனிப் படம்.

"வோர்கிராப்ட்" படத்தைக் காட்டலாம் என்ற யோசனையை முன்வைத்தவர்கள் எங்கள் நடுத்தர வயது அங்கத்தவர்கள். காரணம் இருந்தது. படம் அதே பெயருள்ள கணினி விளையாட்டிலிருந்து எடுத்தது. அந்த விளையாட்டின் முதற் பாகம் 1994இல் வந்தது, இந்த ஆண்டு நவம்பரில் 30 வருடம். இவர்கள் விளையாடியது மூன்றாம் பாகம். அது 2002இல் வந்தது. அதே ஆண்டு பெப்ரவரியில்தான் யுத்தநிறுத்தம் கையெழுத்தானது. பாதை திறந்து, பொருட்கள் வந்து, நகரில் நெற் கபேக்கள் முளைத்த காலம். பொழுதுபட்ட பிறகும் பெடியள் வெளியே நிற்கலாம் என்பதே அப்போது புதினம். வரிசையாகக் கணினிகளை இணைத்து அந்த விளையாட்டையும், அதிலிருந்து ரசிகர்களே உருவாக்கிய டோட்டா என்ற விளையாட்டையும் மணிக்கணக்கில் ஆடியவர்கள் இன்று பிள்ளைகளைத் திருகோணமலைப் பள்ளிக்கூடங்களுக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகும் தகப்பன்மார்.

நிர்வாகசபையில் எதிர்ப்பு வந்தது. "சின்னப்பிள்ளைகளின் விளையாட்டைப் பார்க்க மண்டபத்துக்குக் கரண்ட் செலவா?" என்று கேட்டவர் யார் என்று குறிப்பேட்டில் உள்ளது, இங்கே சொல்லவில்லை. விளையாட்டிலிருந்து எடுத்த படங்களுக்கு நல்ல பெயர் இருந்ததில்லை என்பதும் உண்மை. 1993இல் சூப்பர் மாரியோவைப் படமாக்கியவர்கள் பட்ட பாடு போதும். பிறகு 2023இல் அதே மாரியோ கார்ட்டூனாக வந்து நூறு கோடி டொலருக்கு மேல் வசூலித்தது என்பது வேறு கதை. கடைசியில் நவராத்திரி முடிந்து, இரண்டு தேர்தல்களுக்கும் நடுவில் கிடைத்த ஒரு சனிக்கிழமை மாலை தீர்மானமானது. கனடாவில் இருக்கும் அங்கத்தவர் ஒருவர் படத்தின் தட்டை அனுப்பியிருந்தார். புரொஜெக்டர் இரவல். தேத்தண்ணி, கடலை வடை மகளிர் அணியின் பொறுப்பு.

படம் தொடங்குமுன் ஒரு தம்பி முன்னுரை சொன்னார். சுருக்கமாகவும் நன்றாகவும் சொன்னார் என்பதால் அதன் சாரத்தை இங்கே பதிகிறேன். 2006இலேயே அறிவிக்கப்பட்ட படம் திரைக்கு வர 10 ஆண்டு சென்றது. முதலில் சாம் ரைமி இயக்குவதாக இருந்து, பின்னர் டங்கன் ஜோன்ஸிடம் வந்தது. அவர் பாடகர் டேவிட் போவியின் மகன். தானும் அந்த விளையாட்டை ஆடியவர். படம் 2016 யூனில் வந்தபோது விமர்சகர்கள் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். விளையாடியவர்களோ பெரும்பாலும் கைதட்டினார்கள். சுமார் 16 கோடி டொலர் செலவழித்த படம் அமெரிக்காவில் 5 கோடியைக்கூட எட்டவில்லை. சீனாவில் மட்டும் 22 கோடி அளவில் வசூலித்தது. அங்கே 2005இலிருந்தே இலட்சக்கணக்கானோர் அந்த உலகத்தில் விளையாடி வளர்ந்தவர்கள், கதையில் வரும் ஓர்க்குகள் என்ற பெரிய உருவ இனத்தாரின் கவசத்தை மாட்டிக்கொண்டு நள்ளிரவுக் காட்சிக்குப் போனார்கள். உலகம் முழுவதும் 43 கோடிக்கு மேல் வந்து, அன்றைய தேதிக்கு விளையாட்டிலிருந்து எடுத்த படங்களில் அதிக வசூல் என்ற இடத்தையும் பிடித்தது. ஆனாலும் இரண்டாம் பாகம் வரவில்லை.

இந்தக் கணக்கைக் கேட்டதும் எங்கள் முன்னாள் தலைவர் ஐயா, "அப்ப படம் நல்லதா, கூடாததா?" என்று கேட்டார். தம்பி சிரித்துவிட்டுப் படத்தைப் போட்டார்.

படம் ஓடிய இரண்டு மணித்தியாலமும் மண்டபம் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. விளையாடியவர்கள் வலப்பக்கம், ஒருவருக்கொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டு. நகரத்தின் கோபுரம் தெரிந்தால் சத்தம், கிரிஃபின் என்ற இறக்கை மிருகம் பறந்தால் சத்தம், ஆற்றோரம் முர்லொக் என்ற மீன்முகப் பிராணி கண்ணில் பட்டுச் சட்டென்று மறைந்தால் கூரையே பறக்கிற சத்தம். காவலாளி ஒருவனை மந்திரத்தால் ஆடாக்கியபோது சிரித்த சிரிப்பு, எதிர்ப்பக்கம் இருந்தவர்களுக்கு ஏன் என்றே விளங்கவில்லை. விளையாட்டில் எதிரியை ஆடாக்கி விடுவது இவர்கள் அன்றாடம் செய்த வேலையாம்.

இடப்பக்கத்தில் அந்த விளையாட்டின் பெயரே கேள்விப்படாதவர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், மகளிர் அணி, பேரப்பிள்ளைகளோடு வந்த அம்மம்மாமார். இவர்கள் வேறொரு படம் பார்த்தார்கள். ஓர்க்குகளின் உலகம் செத்துக்கொண்டிருக்கிறது. குல்டான் என்ற மந்திரவாதி, சிறைப்பிடித்தவர்களின் உயிரை உறிஞ்சி ஒரு வாசலைத் திறந்து, தன் சனத்தை இன்னொரு உலகத்துக்குள் படையாகக் கூட்டிப் போகிறான். டுரோட்டான் என்ற தலைவன் பிள்ளைத்தாச்சி மனைவியையும் மறைத்துக் கூட்டிக்கொண்டு அந்த வாசலுக்குள் நுழைகிறான். கடந்த உடனே பிள்ளை பிறக்கிறது, மூச்சில்லாமல். குல்டான் பக்கத்தில் நின்ற ஒரு மானின் உயிரை எடுத்துப் பிள்ளைக்குக் கொடுக்கிறான். அந்த மான் சுருண்டு விழுந்தபோது எங்கள் மண்டபத்தில் எழுந்த "ஐயோ"வுக்கு நிகராக, பின்னால் அத்தனை மனிதர் செத்தும் ஒரு சத்தம் எழவில்லை. இந்த ஊர்ச் சனம் அப்படித்தான்.

சம்பூரிலிருந்து 2006இல் போரால் இடம்பெயர்ந்து, பல ஆண்டு கழித்துத் திரும்பிப் போன குடும்பத்து அக்கா ஒருவர் எங்கள் மகளிர் அணியில் இருக்கிறார். படம் முடிந்ததும் அவரிடம் கருத்துக் கேட்டோம். "அந்தப் பொம்பிளை எழும்பி நடந்தாளே, பிள்ளை பெத்த உடம்போட. அதுதான் எனக்குத் தெரிஞ்சது. மிச்சமெல்லாம் வாள் சண்டை" என்றார். அதற்கு மேல் அவர் கதைக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கடைசிக் காட்சிகளில் டுரோட்டான் இறந்துபோகிறான். தாய் டிராக்கா பிள்ளையைக் கூடையில் வைத்து ஆற்றில் விட்டுவிட்டு, துரத்தி வந்தவனோடு சண்டையிட்டு மடிகிறாள். கூடை மிதந்து போகும்போது இடப்பக்கத்திலிருந்து ஒரு குரல்: "கர்ணன்!" எங்கள் தமிழ் ஆசிரியர் ஐயாதான். வலப்பக்கத்திலிருந்து பதில்: "இல்லை ஐயா, அது திரால்!" மண்டபம் சிரித்தது. ஆனால் இரண்டு பேரும் சரிதான். அந்தப் பிள்ளைதான் மூன்றாம் பாகத்தில் ஓர்க்குகளின் பெருந்தலைவன் திரால். நெற் கபேயில் இவர்கள் வளர்த்த வீரன் இங்கே கூடைக்குள் கிடக்கிறான்.

வலப்பக்கத்தாரின் மனக்குறையும் அங்கேதான். படம் முதற் பாகத்தின் கதையை, அதாவது ஓர்க்குகளுக்கும் மனிதர்களுக்கும் நடந்த முதற் போரைச் சொல்கிறது. இவர்கள் பார்க்கக் காத்திருந்தது ஆர்தாஸ் என்ற இளவரசன் சாபப்பட்ட வாளை எடுத்துத் தகப்பனையே கொல்லும் கதையை. அவன் படத்தில் இல்லவே இல்லை. "கலியாண வீட்டுக்குப் போய் மாப்பிள்ளையின் தாத்தாவைப் பார்த்துவிட்டு வந்த மாதிரி" என்றார் ஒருவர்.

அடுத்த சனிக்கிழமை கலந்துரையாடல் வைத்தோம். இதற்குத்தான் சாதாரண கூட்டங்களை விட அதிகம் பேர் வந்தார்கள், வெட்கமாகத்தான் இருக்கிறது. குற்றப்பத்திரிகை நீளம். டலாரன் என்ற மந்திரவாதிகளின் நகரம் படத்தில் ஆகாயத்தில் மிதக்கிறது. விளையாட்டுக் கதையில் அது வானத்தில் ஏறியது எத்தனையோ போர்களுக்குப் பிறகு. தளபதி லோதாருக்கு இல்லாத மகனை உருவாக்கி, அழுவதற்காகவே கொன்றிருக்கிறார்கள். பெரிய சண்டை காரோனா என்ற பாதி ஓர்க்குப் பெண்ணைப் பற்றி. விளையாட்டுக் கதையில் அவள் மந்திரக் கட்டுக்குள் சிக்கி மனிதர்களின் மன்னனைக் கொல்கிறாள். படத்தில் மன்னனே "என்னைக் கொல், உன் சனம் உன்னை மதிக்கும், ஒருநாள் நீ சமாதானம் கொண்டுவருவாய்" என்று அவள் கையில் கத்தியைத் திணிக்கிறான். "இது துரோகம்" என்று ஒரு பகுதி. "இதுதான் படத்திலேயே நல்ல இடம்" என்று மறுபகுதி. உபதலைவர் அக்கா நடுவில் எழும்பி, "மந்திரத்தில கொன்றால் அவளுக்கு என்ன பாரம்? தெரிஞ்சு கொன்றால்தானே பாரம்" என்று சொன்ன பிறகு கொஞ்ச நேரம் எதிர்வாதம் இல்லை.

அப்புறம் தமிழ் ஆசிரியர் ஐயா பேசினார். தன் இளவயதில் மூதூர்ப் பக்கம் விடிய விடியக் கூத்துப் பார்க்கப் போனதைச் சொன்னார். கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் ஒரு விருத்தத்தைக் குறைத்தாலோ, வரவுப் பாட்டைச் சுருக்கினாலோ, கூத்து ஆடும் களரியைச் சுற்றி இருக்கும் கிழவர்கள் உடனே கண்டுபிடித்துச் சண்டைக்கு வருவார்களாம். கதை எல்லோருக்கும் தெரியும். தெரிந்த கதையை எவ்வளவு ஒழுங்காக ஆடுகிறான் என்று பார்க்கத்தான் கிழவர்கள் வருவது. முதன்முறை வருகிற பிள்ளைக்கோ அந்தப் பாட்டு வெட்டுப்பட்டதே தெரியாது, அது கர்ணன் சாகிறானே என்று அழும். "இந்தப் பெடியளைச் சின்னப்பிள்ளைகள் என்று நினைத்தேன். இவர்கள் களரியோரத்துக் கிழவர்கள்" என்றார். வலப்பக்கத்தார் இதைப் பாராட்டாக எடுப்பதா வேண்டாமா என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

செயலாளர் என்ற முறையில் கருத்துச் சொல்லக்கூடாது என்பது தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். ஓர்க்குகளின் பக்கத்துக் கதை நன்றாக இருந்தது. நடிகர்களின் முக அசைவைப் பதிந்து அதன் மேல் அந்தப் பெரிய உருவங்களைச் செய்த விதத்தில் டுரோட்டானின் கண்ணில் கவலை தெரிந்தது. அந்த வேலையைச் செய்தவர்கள் இன்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனத்தார். மனிதர்கள் பக்கம்தான் ஓட்டமாக ஓடுகிறது. ஒருவன் யாரென்று விளங்குமுன் அடுத்த கோட்டைக்குப் போய்விடுகிறோம். சுமார் 40 நிமிடக் காட்சிகள் வெட்டப்பட்டதாக இயக்குநரே பின்னர் சொல்லியிருக்கிறார். வெட்டு எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரிகிறது போலத்தான் இருக்கிறது. ரசிகர்கள் கோபப்பட்டது இந்த அவசரத்துக்கு என்றால் நான் அவர்கள் பக்கம். டலாரன் மிதந்ததற்கு என்றால், மன்னிக்கவும், தம்பிமாரே.

இளையவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கைபேசியில் பப்ஜியும் ஃப்ரீ ஃபயரும் ஆடும் பிள்ளைகள் சிலர் இடைநடுவில் எழும்பி வெளியே போய் அதையே ஆடிக்கொண்டிருந்தார்கள். தகப்பன் அழுது பார்க்கிற படத்தை மகன் அரைவாசியில் விட்டுப் போகிறான். இதில் நிர்வாகசபை செய்யக்கூடியது எதுவும் இல்லை.

நிதி விபரம் பொருளாளரின் அறிக்கையில் வரும். படத்துக்கான செலவு வடை விற்ற காசிலேயே அடங்கிவிட்டது என்பதை மட்டும், ஆட்சேபித்தவரின் கவனத்துக்காக, இங்கே குறிப்பிடுகிறேன். இரவல் புரொஜெக்டரை இனியும் இரவல் கேட்க முடியாது, சொந்தக்காரர் முகம் கொடுக்கிறார் இல்லை. ஒன்று வாங்க அனுமதி கோரும் தீர்மானம் நிகழ்ச்சிநிரலில் உள்ளது.

ஆண்டு முழுவதும் ஒத்துழைத்த நிர்வாகசபைக்கும், மழையில் புத்தகங்களைத் தூக்கி மாற்றிய பெடியளுக்கும், மகளிர் அணிக்கும் நன்றி.

2025இல் முதலாவதாக எதைக் காட்டுவது என்பதில் உடன்பாடு ஏற்படவில்லை. வலப்பக்கத்தார் இன்னொரு விளையாட்டுப் படம் கேட்கிறார்கள். தமிழ் ஆசிரியர் ஐயா, படத்தை விட்டுவிட்டு மூதூரிலிருந்து ஒரு கூத்துக் குழுவை அழைத்து "கர்ணன் போர்" போட வேண்டும் என்கிறார். வலப்பக்கத்திலிருந்தும் சிலர் அதற்குக் கை உயர்த்தியிருக்கிறார்கள், விடிய விடிய என்றால் மட்டும் யோசிப்பார்களாம். தேநீர் இடைவேளைக்குப் பிறகு வாக்கெடுப்பு. சந்தா நிலுவையுள்ளவர்கள் வாக்களிக்க முடியாது என்பதால் பொருளாளர் அண்ணையை இடைவேளையிலேயே சந்திக்கவும்.

செயலாளர்