குட்டி மருந்தை விட்டுவிட்டான்

மச்சான்,

சுகம்தானே? இங்கே கச்சான் காற்று பிய்த்துக்கொண்டு போகிறது, கோணேசர் கோயிலடியில் நிற்க ஏலாது. நீ அனுப்புகிறேன் என்ற சேட்டு இன்னும் வந்து சேரவில்லை. சரி, அதைப் பிறகு பேசுவோம்.

குட்டி மருந்தை விட்டுவிட்டான், இல்லாத குரல் கேட்கிற அந்த மனச்சிதைவு வருத்தத்துக்குப் போடுகிற மருந்தைத்தான். மாமி வெயிலில் போட மெத்தையைத் தூக்கியபோது அடியில் ஆஸ்பத்திரிக் காகிதப் பைகள், மடிப்புக்கூடக் கலையாமல். உள்ளே குளிசைகள் அப்படியே. மாமி அழ, பெரியண்ணன் ‘திமிர்’ என்று கத்த, வீடு இரண்டுபட்டுவிட்டது.

நான் திருக்கடலூர்க் கரையில் அவனைப் பிடித்து, ஏன் விட்டாய் என்று கேட்டேன். வாய் திறக்காமல் வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். கன நேரத்துக்குப் பிறகுதான் சொன்னான்: குளிசை போட்டால் விரல் நடுங்கி ஊசி கண்ணிக்குள் போகாதாம். இரவு வள்ளத்தில் கண் சொருகுமாம். “கடலுக்குப் போகாட்டி வீட்டில உலை ஏறுமா?” என்றான்.

இதையா திமிர் என்பது? இந்த வருத்தத்துக்குக் கொடுக்கிற ஹலோபெரிடோல் போன்ற பழைய மருந்துகள் கையை நடுங்க வைக்கும், உடம்பை விறைக்க வைக்கும். ஒலன்சபின் என்ற மருந்து நித்திரையையும் பசியையும் கூட்டும். டொக்டரிடம் சொன்னால் அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், தினக் குளிசைக்குப் பதிலாக மாதம் ஒரு ஊசிகூடப் போடலாம். ஆனால் கிளினிக் சனத்துக்குள் ‘எப்படி?’, ‘பரவாயில்லை’ என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசுகிற நேரத்தில் அந்த வாசலில் யார் கண்ணிலும் படவும் அவனுக்கு மனமில்லை.

மனச்சிதைவில் இன்னொரு கொடுமை உண்டு. தனக்கு வருத்தம் இருக்கிறது என்பதையே பலருக்கு அந்த வருத்தம் உணர விடாது. குரல் கேட்கிறவனிடம் போய் அப்படியொரு குரலே இல்லை என்றால், அவன் நம்மைத்தான் சந்தேகிப்பான்.

உன் அப்பா பிரஷர் குளிசையை விட்டுவிட்டு வாழைத்தண்டுச் சாறு குடித்தாரே, அவரை யார் திமிர் என்றார்கள்? நீண்டகால வருத்தக்காரரில் ஏறத்தாழப் பாதிப் பேர்தான், அதுவும் வசதியான நாடுகளிலேயே, சொன்னபடி மருந்து எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் எழுதியது.

அதற்காக விட்டது சரி என்று சொல்ல மாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். முதல்முறை மனச்சிதைவு வந்து தேறியவர்களைப் பின்தொடர்ந்து 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மருந்தை நிறுத்தியவர்களுக்கு அது திரும்பும் ஆபத்து ஏறத்தாழ 5 மடங்கு. இப்போது நன்றாகத்தான் இருக்கிறான். முந்தியும் இப்படித்தான் நன்றாக இருந்தான். பிறகு அந்த இரவு அவனை நீயும் நானும்தானே பிடித்துக்கொண்டு போனோம்.

அடுத்த கிளினிக்குக்கு நானும் கூடப் போகிறேன். நடுக்கத்தையும் வள்ளத்தையும் டொக்டரிடம் தானே சொல்கிறேன் என்று ஒத்துக்கொண்டிருக்கிறான். அதற்கு முதல் நீ ஒரு கோல் எடு, நீ சொன்னால் கேட்பான். குளிசையில் தொடங்காதே. எஞ்சினைப் பற்றிக் கேள், விடியும்வரை பேசுவான். ‘உன் நன்மைக்குத்தான்’ என்று மட்டும் சொல்லிவிடாதே, அதை எல்லாரும் சொல்லி அவனுக்குக் காது புளித்துவிட்டது.

அக்காவின் கண் ஒப்பரேஷன் என்ன மாதிரி? எழுது.

உன் கூட்டாளி