தெருமுனை சோபா கடை: டோக்கியோவின் நிஷி-கசாயில் குடியேறிய தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன சோபா கடை இருக்கிறது, கதவு எப்போதும் மூடியே இருப்பதால் உள்ளே போகத் தயக்கமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். (சோபா என்றால் உட்காரும் சோபா இல்லை என்று ஊரில் அம்மாவுக்குச் சொல்லிவிடு. வடக்கே விரத நாளில் சாப்பிடும் குட்டு மாவு இருக்கிறதே, அந்தத் தானியத்து நூடுல்ஸ்.) கதவு மூடியிருப்பது இங்கே வழக்கம்தான். பக்கவாட்டில் தள்ளித் திற.

ஒன்றை மட்டும் முதலில் மனதில் வை. இப்படிப்பட்ட கடைகள் பெரும்பாலும் இரண்டு பேரால் ஓடுபவை. அடுப்படியில் கணவர், மேசையில் மனைவி. கூட்ட நேரத்தில் மூன்றாவது கை கிடையாது. அங்கே உள்ள கட்டுப்பாடுகளில் பாதி இதிலிருந்து வருவதுதான்.

வாசலில் நோரென் என்கிற துணித் திரை தொங்கினால் கடை திறந்திருக்கிறது. அதை உள்ளே எடுத்துவிட்டால், விளக்கு எரிந்தாலும் வியாபாரம் இல்லை; அடுத்த வேளைக்கான வேலை நடக்கிறது. மதியம் 11:30 முதல் 2 மணி வரை, மாலை 5 மணிக்கு மேல் என்று இரண்டு வேளைதான் பெரும்பாலும். மூடுவதற்கு அரை மணி முன்பே ஆர்டர் நிறுத்திவிடுவார்கள். 12 முதல் 1 வரை அலுவலகக் கூட்டம். முதல் தடவை 1:15 வாக்கில் போ. எத்தனை பேர் என்று விரலால் காட்டினால் போதும். நான்கைந்து மேசைதான் இருக்கும்; ஆறு பேராகப் போய் நிற்காதே. ஒரு தட்டு வாங்கி இரண்டு பேர் பகிர்வதும் வேண்டாம், ஆளுக்கு ஒன்று சொல்லவேண்டும்.

சுவரில் ஒட்டிய காகிதப் பட்டைகள்தான் மெனு. தூரிகையால் எழுதியிருந்தால் போனில் உள்ள மொழிபெயர்ப்பு உளறும். பெயர்களை நம்பினாலும் சிக்கல்தான். கிட்சுனே என்றால் நரி, ஆனால் கிண்ணத்தில் இருப்பது இனிப்பாக வேகவைத்த பொரித்த டோஃபு. தனுகியும் ஒரு காட்டு விலங்கின் பெயர்தான். டோக்கியோவில் அந்தப் பெயரில் வருவது தெம்புரா (நம் பஜ்ஜி போல மாவில் தோய்த்துப் பொரிப்பது) மாவின் பொரித்த துணுக்குகள். காமோ நன்பான் வாத்து, ஒயாகோதோன் சோற்றின் மேல் கோழியும் முட்டையும், கட்சுதோன் பன்றி. முதல் நாள் மோரி அல்லது சாரு கேள். இரண்டும் குளிர்ந்த நூடுல்ஸ். சாருவின் மேல் நறுக்கிய கடற்பாசி தூவியிருக்கும், பெரும்பாலும் அவ்வளவுதான் வித்தியாசம். சரியாகச் செய்திருக்கிறார்களா என்பதை ஒளிக்க இடமில்லாத சாப்பாடு அது. கடையை எடைபோட அதுவே போதும்.

தட்டு வந்ததும் போட்டோ எடுத்துக்கொண்டிருக்காதே. கையால் வெட்டிய சோபா கொதிநீரில் கிடப்பதே ஒரு நிமிடம் போலத்தான். பிறகு குளிர்ந்த நீரில் கழுவி வடித்து வருகிறது. பத்து நிமிடம் விட்டால் மேற்பரப்பு காய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கடிக்கும்போது இருக்கும் துள்ளலும் போய்விடும். நிஹாச்சி என்று எழுதியிருந்தால் எட்டுப் பங்கு சோபா மாவுக்கு இரண்டு பங்கு கோதுமை. ஜூவாரி என்றால் கோதுமையே இல்லை. வாசனை கூடுதல், ஆனால் பசை இல்லாததால் சீக்கிரம் அறுந்துபோகும்.

சின்னக் கோப்பையில் வரும் கறுப்புச் சாறு சுயு. நூடுல்ஸ் மேல் ஊற்றிவிடாதே, மூங்கில் தட்டு வழியாக மேசைக்கு வந்துவிடும். ஒரு வாய்க்கு ஏழெட்டு இழை எடுத்து, நுனியில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் தோய்த்து, சத்தத்தோடு உறிஞ்சு. டோக்கியோ பக்கத்துச் சுயு உப்பும் அடர்த்தியும் கூடியது, முழுக்க முக்கினால் வேறு எதுவும் தெரியாது. வசாபியைச் சுயுவில் கரைப்பதைவிட நூடுல்ஸ் மேல் துளி வைத்துச் சாப்பிட்டால் காரம் மூக்குக்கு ஒழுங்காக ஏறும். மேசையில் இருக்கும் ஷிச்சிமி மிளகாய்ப்பொடி சூடான கிண்ணங்களுக்கு. கடைசியில் சோபா வெந்த நீரைச் சூடாகக் கொண்டுவந்து வைப்பார்கள். அதை மிச்சச் சுயுவில் ஊற்றிக் குடி. அதுதான் அங்கே ரசம்.

இனி உன் மனைவியின் விஷயம். அவர் சைவம் என்கிறாய். இதில்தான் பலரும் ஏமாறுவது. சுயு, சூடான குழம்பு, மிசோ சூப் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது தாஷி. பெரும்பாலும் அது கட்சுவோபுஷி போட்டு எடுத்த சாறு. நம் மாசிக் கருவாடு தெரியுமல்லவா? அதே சூரை மீனை வேகவைத்து, புகைபோட்டு, கட்டையாகக் காயவைத்துச் சீவியது. “இறைச்சி வேண்டாம்” என்று சொன்னால் மீன் நின்றுவிடாது. “மீன் வேண்டாம்” என்றால் கண்ணுக்குத் தெரியும் துண்டுதான் நிற்கும். தாஷி என்ற சொல்லையே சொல்லவேண்டும். “சகானா நோ தாஷி மோ தாமே தெஸ்”, அதாவது மீன் சாறும் ஆகாது. இதை ஒரு அட்டையில் ஜப்பானிய எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, உட்காருவதற்கு முன்னால் காட்டு. சுயு முன்கூட்டியே தயாராகிவிடுகிறது. உனக்காக ஒரு கிண்ணம் தனியாகச் செய்ய முடியாது. வெங்காயத்தாளை எடுத்துவிடுங்கள் என்றால் செய்வார்கள், குழம்பை மாற்றுங்கள் என்றால் தவிப்பார்கள்.

அவருக்கு ஆவது: மோரி சோபா, சுயுவுக்குப் பதில் உப்பும் வசாபியும். குளிர்ந்த டோஃபு, மேலே சீவிய கட்சுவோபுஷி போடாமல். வெறும் சோறு. காய்கறி தெம்புரா சைவம் போலத் தோன்றும். மாவில் முட்டை இருக்கலாம், இறால் பொரித்த எண்ணெயிலேயே பொரிக்கலாம். உண்மையைச் சொன்னால், அவருக்கு இது மாதம் ஒருமுறை போகிற இடம், வாராவாரம் இல்லை. உனக்கு மாட்டிறைச்சி மட்டும் ஆகாது என்றால் பெரிதாகக் கவலையில்லை. “கியூனிகு” இருக்கிறதா என்று கேட்டுக்கொள்.

இதைவிட முக்கியமானது ஒவ்வாமை. சோபா தானியம் சிலருக்கு மூச்சையே அடைக்கும். ஜப்பானில் பொட்டலத்தில் கட்டாயம் குறிப்பிடவேண்டிய ஒவ்வாமைப் பொருள்களில் அதுவும் ஒன்று. ஊரில் சாப்பிட்டுப் பழகாத தானியம் என்பதால் இருவரும் முதலில் இரண்டு வாய் சாப்பிட்டுப் பொறுத்துப் பாருங்கள். ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தால், அந்தக் கடையில் உதோன் என்கிற கோதுமை நூடுல்ஸும் வேண்டாம். இரண்டும் ஒரே பானைத் தண்ணீரில் வேகலாம்.

குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதே, அது இறந்தவருக்குப் படைக்கும் முறை. உன் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு எதையும் மாற்றாதே. தகனத்துக்குப் பின் எலும்பை அப்படித்தான் எடுக்கிறார்கள். நம் வீட்டில் சஞ்சயனத்துச் சடங்கைச் சாப்பாட்டு மேசையில் செய்தால் எப்படி இருக்கும், அப்படி.

பணம் ரொக்கமாகக் கொண்டுபோ, ஆயிரம் யென் தாள்களாக. பத்தாயிரத்தை மதியக் கூட்டத்தில் நீட்டினால் சில்லறைக்குத் திண்டாடுவார்கள். “ஒகன்ஜோ ஒனெகாய்ஷிமாஸ்” என்றால் கணக்கு வரும். பணத்தைக் கையில் கொடுக்காமல் சின்னத் தட்டில் வை. டிப்ஸ் கிடையாது, வைத்துவிட்டுப் போனால் மறந்துவிட்டாய் என்று தெருவில் துரத்திக்கொண்டு வருவார்கள். வெளியேறும்போது அடுப்படிப் பக்கம் திரும்பி “கொச்சிசோசமா தெஷ்தா” என்று சொல், சாப்பாட்டுக்கு நன்றி என்று அர்த்தம்.

டிசம்பர் 31 அன்று மட்டும் அந்த மீன் சாறு அட்டையை வெளியே எடுக்காதே. ஆண்டுக் கடைசி இரவில் சோபா சாப்பிடுவது நாடு முழுக்க வழக்கம், வரிசை தெருவரை நிற்கும். போனால் மோரி ஒன்று சொல், சாப்பிடு, எழுந்து இடம் விடு.

அன்புடன்,
அண்ணன்