இரும்புக்கடை முதலாளிகளுக்கு: வெட்டித் தரும் துண்டிலும் ஹீட் நம்பர் அடித்துக் கொடுங்கள்

கோவையில் இன்ஜினியரிங் ஸ்டீல் விற்கும் வணிகர்கள் அனைவருக்கும், வணக்கம்.

வீட்டின் பின்கட்டிலும் முன்வாசல் ஷெட்டிலும் ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு கிரைண்டர் வைத்து ஜாப் ஒர்க் செய்பவர்கள் சார்பில் எழுதுகிறோம். உங்களிடம் டன் கணக்கில் வாங்க எங்களுக்கு வசதி இல்லை. ஒரு அடி, ஒன்றரை அடி என்று துண்டாகத்தான் வாங்குகிறோம். அந்தத் துண்டு என்ன கிரேடு என்பதற்கு இன்றைக்கு உங்கள் கடைப் பையன் வாயால் சொல்வதைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. மில்லில் ஒரே தடவையில் உருக்கிய எஃகுக்கு இடும் எண்ணான ஹீட் நம்பர் துண்டில் இருப்பதில்லை.

அண்மையில் இஎன் 24 (நிக்கல், குரோமியம், மாலிப்டினம் சேர்த்த வலுவான எஃகு) என்று பில் போட்டு வந்த 50 மி.மீ. ரவுண்டு கம்பி ஒன்றில் கியர் ஷாஃப்ட் செய்யப்பட்டது. 840 டிகிரியில் சூடாக்கி ஆயிலில் இறக்கினால் இஎன் 24-இன் ஹார்ட்னெஸ் ஐம்பது ஹெச்.ஆர்.சி.க்கு (கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவு) மேல் ஏற வேண்டும். இது இருபது சொச்சத்தில் நின்றுவிட்டது. எஃகில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோ டெஸ்டில் பார்த்தால் 1.3 முதல் 1.7 சதவீதம் வரை இருக்க வேண்டிய நிக்கல் பேருக்குக்கூட இல்லை. வந்தது நிக்கல், குரோமியம் சேர்க்காத சாதாரண கார்பன் எஃகான இஎன் 8. கடையில் சொன்ன பதில் உங்களுக்கும் பழக்கமானதுதான்: “ஹார்டனிங் சரியாப் பண்ணலைங்க.”

அந்தப் பதிலைச் சரிபார்க்க வழி இருக்கிறது. ஃபர்னஸில் மேல்தோலின் கார்பன் எரிந்து அது மென்மையாகிவிட்டதா என்று அறிய மேலே அரை மி.மீ. கிரைண்ட் செய்துவிட்டு மறுபடி ஹார்ட்னெஸ் பார்க்க வேண்டும். உள்ளே எண் ஏறினால் தப்பு எங்களுடையது. 25 மி.மீ. தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் சூட்டில் ஊறவிட்டும், கிரைண்ட் செய்தும், எண் அசையவில்லை என்றால் தப்பு கம்பியில்தான். இவ்வளவும் செய்துவிட்டுத்தான் உங்களிடம் வருகிறோம்.

50 மி.மீ. கம்பி மீட்டருக்கு 15.4 கிலோ, 320 மி.மீ. துண்டு ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கிரேடு தவறு என்று நிரூபித்தால் அந்த ஐந்து கிலோவுக்கு மாற்றுத் துண்டு தருகிறீர்கள், நன்றி. ஆனால் அதற்குள் அந்தக் கம்பிமேல் டர்னிங், கீவே (சாவிப் பள்ளம்) மில்லிங், கியர் ஹாப்பிங் (பல் வெட்டுதல்), ஹீட் ட்ரீட்மென்ட் எல்லாம் ஏறிவிடுகின்றன. ஹாப்பிங்குக்கும் ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கும் வெளியே கூலி கொடுத்தாயிற்று. அதை யாரும் திருப்பித் தரமாட்டார்கள். கம்பி விலை மொத்தச் செலவில் சிறு பங்குதான், மீதியெல்லாம் எங்கள் தலையில்.

ஹார்டனிங்கில் மாட்டிக்கொண்டால்கூட ஒரு விதத்தில் அதிர்ஷ்டம். ஏற்கெனவே ஹார்டனிங் செய்து டெம்பரும் செய்த நிலையில், அதாவது ‘டி கண்டிஷன்’ என்று விற்கும் இஎன் 24 கம்பியை யாரும் திரும்ப ஹார்டனிங் செய்வதில்லை. அப்படியே கடைந்து, மெஷினில் மாட்டி, அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பதில் நார்மலைஸ் செய்த (சூடாக்கிக் காற்றில் ஆறவிட்ட) இஎன் 8 வந்திருந்தால் அதன் தாங்குதிறன் பாதிகூட இராது. லோடு விழுந்ததும் கீவே அகன்று, ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டு, ஏதோ ஒரு மில்லில் நடு ஷிப்டில் மெஷின் நிற்கும். அப்போது பெயர் கெடுவது கடைந்தவனுக்குத்தான்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. இஎன் 8 என்று கொடுத்தது இஎன் 31 ஆக இருந்து, அதைத் தண்ணீரில் இறக்கினால் அங்கேயே விரிசல் விடும். ஒரு சதவீதக் கார்பன் உள்ள இஎன் 31 கம்பிக்கு ஆயில்தான் சரி. எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) என்று கொடுத்தது கந்தகம் சேர்த்த இஎன் 1ஏ ஆக இருந்தால் லேத்தில் வெண்ணெயாக வெட்டும், வெல்டிங் வைத்தால் ஆறும்போதே ஜாயிண்ட் பிளக்கும்.

“ஸ்பார்க் பார்த்து வாங்கிக்க வேண்டியதுதானே” என்கிறீர்கள். கிரைண்டரில் வைத்தால் எம்.எஸ்.ஸையும் இஎன் 31-ஐயும் யாரும் பிரித்துவிடலாம், ஏனென்றால் கார்பன் வித்தியாசம் அவ்வளவு. இஎன் 8, இஎன் 19, இஎன் 24 மூன்றிலும் கார்பன் ஏறத்தாழ 0.4 சதவீதம்தான், பொறி வெடிப்பது ஒரே மாதிரி இருக்கும். நிக்கலும் மாலிப்டினமும் பொறியில் காட்டும் சிறு மாற்றத்தை வைத்து நூற்றுக்கு நூறு அடித்துச் சொல்பவரை நம்பி ஷாஃப்ட் செய்ய முடியாது. சிறு வில்லை வெட்டி ஆயிலில் இறக்கி அரம் போட்டுப் பார்ப்பதும் ஏமாற்றும், மெல்லிய வில்லையில் இஎன் 8-ம் ஓரளவு இறுகிவிடும். அதே வில்லையைச் சிவக்கக் காய்ச்சிக் காற்றிலேயே ஆறவிட்டால் இஎன் 24-ஐ அரம் சிரமப்பட்டுத்தான் கடிக்கும், இஎன் 8-ஐ எளிதாகக் கடிக்கும். இதை ஒவ்வொரு துண்டுக்கும் செய்யலாம்தான். ஆனால் வாங்கிய பொருள் இன்னதென்று கண்டுபிடிக்கும் வேலை வாங்கியவனுடையது என்று எந்த வியாபாரத்தில் வைத்திருக்கிறார்கள்?

ஸ்டீல் மில்லிலிருந்து வரும் முழுக் கம்பியின் ஒரு முனையில் கிரேடும் ஹீட் நம்பரும் அடித்தோ சீட்டு கட்டியோ வருகின்றன. முதல் ஆளுக்கு அந்த முனையிலேயே வெட்டிக் கொடுத்துவிடுகிறீர்கள். மிச்சக் கம்பி அன்றோடு அனாதை. பெயிண்ட் நிறத்தை நம்பலாம் என்றால் ஒரு கடையில் இஎன் 8-க்கு இருக்கும் நிறம் பக்கத்துக் கடையில் வேறொன்றுக்கு இருக்கிறது.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். முத்திரை இல்லாத முனையிலிருந்து வெட்டுங்கள். வெட்டிய துண்டின் முகத்தில் நம்பர் பஞ்சால் கிரேடையும் ஹீட் நம்பரையும் அடியுங்கள், 20 மி.மீ.க்குக் கீழே என்றால் தகரச் சீட்டில் அடித்துக் கம்பியால் கட்டினால் போதும். அதே ஹீட் நம்பரைப் பில்லில் எழுதி, மில் தரும் டெஸ்ட் சர்டிபிகேட்டை (டி.சி.) வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஹேக்ஸா மெஷின் அறுக்கும் நேரத்தில் இது முடிந்துவிடும்.

பெரிய கம்பெனிக்கு லோடு போகும்போது சர்டிபிகேட் கேட்காமலே வண்டியோடு போகிறது. எங்களுக்கு மட்டும் “துண்டுக்கெல்லாம் டி.சி. கிடையாது.” நகைக்கடையில் மூன்று கிராம் தங்க மோதிரத்துக்கு ஆறெழுத்து அடையாள எண் இல்லாமல் விற்க 2023 ஏப்ரல் முதல் அனுமதி இல்லை. ஐந்து கிலோ கம்பிக்குச் சாக்பீஸ் கோடுகூட இல்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். சில கடைகளின் பில்லில் பெயர் ‘இஎன் 24’ என்று இருக்கும், பக்கத்தில், வரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் ஹெச்.எஸ்.என். எண் 7214 என்று இருக்கும். அது நிக்கல், குரோமியம் போன்ற அலாய் சேராத கம்பிக்கான தலைப்பு. அலாய் ஸ்டீல் கம்பிக்கு 7228. வரி இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதால் யாரும் கவனிப்பதில்லை. வரி ஆபீசுக்கு உண்மையைச் சொல்லும் பில், எங்களிடம் வேறு கதை சொல்கிறது.

கோபத்தில் வார்த்தை நீண்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் பலர் கேட்டதும் சர்டிபிகேட்டை எடுத்துக் கொடுப்பவர்கள் என்பதும், உங்களுக்குச் சரக்கு தரும் மேல் கடையில் மாறி வந்த கம்பி தெரியாமல் உங்கள் ரேக்கில் ஏறிவிடுகிறது என்பதும் எங்களுக்குத் தெரியும். அப்படி வந்ததைப் பிடிப்பதற்கும் ஹீட் நம்பர்தான் வேண்டும். கட்டிங் சார்ஜோடு பஞ்ச் அடிக்கும் கூலியையும் சேர்த்துப் பில் போடுங்கள், தருகிறோம். துண்டில் கிரேடும் ஹீட் நம்பரும் மட்டும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
வீட்டுப் பட்டறைக்காரர்கள்
கோயம்புத்தூர்