எம்டன் நீர்மூழ்கியல்ல: கண்காட்சிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். முதல் உலகப் போர்க் காலச் சென்னையைப் பற்றி நீங்கள் நடத்திவரும் கண்காட்சியில், 1914இல் சென்னை மீது குண்டுவீசிய ஜெர்மன் போர்க்கப்பலான எம்டனைப் பற்றிய பலகையைக் குறித்து நான் எழுதும் மூன்றாவது மடல் இது. முதல் இரண்டையும் உங்கள் அலுவலகத்தில் கையொப்பமிட்டு வாங்கிக்கொண்டார்கள். ஆகவே விவரம் உங்களுக்குத் தெரியும். சென்ற சனிக்கிழமை மறுபடியும் வந்து பார்த்தேன். பலகை அப்படியேதான் இருக்கிறது. அதன் முன்னால் பள்ளிச் சிறுவன் ஒருவன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, "ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் எம்டன்" என்று நோட்டில் பென்சிலால் எழுதி, அடியில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தான். அது தவறு என்று சொன்னேன். பலகையை நிமிர்ந்து பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான், அழிக்கவில்லை. அச்சிட்டதை நம்பியது அவன் குற்றமாகாது.

பக்கத்திலுள்ள ஆங்கிலப் பலகையில் 'குரூசர்', அதாவது நீரின் மேல் ஓடும் வேகமான போர்க்கப்பல், என்று சரியாகவே இருக்கிறது. தமிழில் மட்டும் நீர்மூழ்கி. சரியான செய்தி கையில் இருந்தும், தமிழில் படிப்பவருக்கு இவ்வளவு போதும் என்று விட்டுவிட்டீர்களோ என்ற எண்ணம்தான் என்னை மிகவும் வருத்துகிறது. தயவுசெய்து பலகையைத் திருத்துங்கள்.

எம்டன் 1908இல் டான்சிக் கப்பல் கட்டும் தளத்தில் நீரில் இறக்கப்பட்டு, மறு ஆண்டு கடற்படையில் சேர்ந்த இலகுரகக் குரூசர். மூன்று புகைபோக்கிகளும் பத்து 10.5 செ.மீ. பீரங்கிகளும் கொண்டது. 1910இல் கீல் துறைமுகத்தை விட்டுச் சீனக் கரையிலிருந்த சிங்தாவுக்குப் போன அந்தக் கப்பல் ஜெர்மனிக்குத் திரும்பவே இல்லை. போர் மூண்டு இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்தபோது, நிலக்கரி ஏற்றிக்கொள்ள அதற்குச் சொந்தத் துறைமுகம் ஒன்றுகூட இங்கே கிடையாது. கூட வந்த மார்க்கோமானியா என்ற கரிக்கப்பலையும், பிடிபட்ட வணிகக் கப்பல்களின் கிடங்குகளையும் நம்பியே ஓடியது. கடும் வெயிலில் இரண்டு கப்பல்களையும் அணைத்துக் கட்டி, கரியை மூட்டை மூட்டையாக மாலுமிகள் சுமந்து மாற்றியிராவிட்டால் அது சென்னை வரை வந்திருக்க முடியாது. கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கியை நிறுத்தி, பிரிட்டிஷ் கப்பல் போலத் தோற்றம் காட்டியதும் அந்தப் பயணத்தில்தான். நீர்மூழ்கி என்று எழுதிவிட்டால் இவற்றில் எதையுமே அந்தச் சிறுவனுக்கு விளக்க முடியாது.

22 செப்டம்பர் 1914 இரவு பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் எரிந்ததைப் பெரிய படமாக வைத்திருக்கிறீர்கள். அன்று துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பலில் ஐந்து பேராவது குண்டுபட்டு இறந்தார்கள். அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை. பினாங்கில் ரஷ்யக் கப்பலையும் பிரெஞ்சுக் கப்பலையும் மூழ்கடித்தது, நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் அடிவாங்கிக் கரைதட்டியது, எம்டன் மாலுமிகள் 130க்கும் மேற்பட்டோர் மாண்டது எதுவும் இல்லை. அந்த இடத்தில் செண்பகராமன் பிள்ளை கப்பலில் இருந்து வழிகாட்டினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மாதங்களில் அவர் ஐரோப்பாவில், முதலில் சூரிச்சிலும் பின்னர் பெர்லினிலும், இந்திய விடுதலைக்காக உழைத்துக்கொண்டிருந்தார். அந்த உழைப்பே பெரிது. இல்லாத பெருமையை ஏற்றி அவரைச் சிறுமைப்படுத்த வேண்டாம்.

பொல்லாத ஆளை 'எம்டன்' என்று இன்றும் சொல்கிறோம். உயர் நீதிமன்ற மதிலில் அந்தக் குண்டுவீச்சுக்குக் கல்வெட்டும் இருக்கிறது. பேச்சிலும் கல்லிலும் இடம்பிடித்த ஒரு கப்பல் எப்படிப்பட்டது என்பதைக்கூடச் சரிபார்க்காமல் வரலாற்று விழா எடுக்கும் வழக்கம் நம்மிடம் வேரோடிவிட்டது. மாலையும் மேடையும் தயாராகும் வேகத்தில் ஒரு பத்தியைப் படித்துப் பார்க்க ஆள் கிடைப்பதில்லை. இதற்கெல்லாம் உங்களை மட்டும் பொறுப்பாக்குவது முறையல்ல என்பதை அறிவேன்.

ஆகவே பணிவுடன் மீண்டும் கேட்கிறேன்: பலகையைத் திருத்துங்கள். புதிய வாசகத்தை நானே எழுதித் தருகிறேன். நீங்கள் சரிபார்த்து அச்சிடலாம். அதற்கு நாளாகும் என்றால், அடுத்த பள்ளிக் குழந்தைகள் வருவதற்குள் 'நீர்மூழ்கி' என்ற அந்தச் சொல்லின் மேல் ஒரு வெள்ளைத் தாளையாவது ஒட்டி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கண்காட்சிக்கு மூன்று முறை வந்த ஒரு பார்வையாளர்