நீ அனுப்பிய பட்டியலில் விட்டுப்போனவை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். சொந்தமாக ட்ரோன் கட்ட வாங்கப்போகிற பாகங்கள் என்று நீ அனுப்பிய பட்டியலை மூன்று தடவை படித்துவிட்டேன். ஏழு அங்குல புரொப்பெல்லருக்கான பிரேம், நான்கு மோட்டார், மூளையாக இருக்கிற ஃப்ளைட் கன்ட்ரோலர், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற ஈஎஸ்சி, ஜிபிஎஸ், வீடியோ டிரான்ஸ்மிட்டர், உச்சியில் ஓர் ஆக்‌ஷன் கேமரா. எல்லாம் சரி. கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, "ரெடிமேட் வாங்குவதைவிட இது மலிவும்மா, இதை வைத்தே வீடு, மனை படம் எடுத்துக் கொடுக்கிற தொழிலையும் ஆரம்பித்துவிடலாம்" என்று, அந்த வரியோடுதான் எனக்குச் சண்டை. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

ட்ரோன் கட்டாதே என்று நான் சொல்வேனா? 22 வருடம் சர்க்யூட் போர்டில் ஈயம் வைத்த கை இது. உன் தங்கையும் நானும் கட்டிய ஐந்து அங்குல ட்ரோன் இன்னும் அலமாரி மேல்தான் இருக்கிறது, ஒரு கை ஒடிந்து. ஆனால் அது பறக்கிற சுகத்துக்கு. படம் எடுத்துப் பிழைப்பதற்கு அல்ல. பீட்டாஃப்ளைட் மென்பொருள் போட்ட ட்ரோனை அக்ரோ முறையில், அதாவது முழுக்கக் கையால், ஓட்டும்போது ரிமோட் குச்சியிலிருந்து விரலை எடுத்தால் அது அந்தரத்தில் நிற்காது. கடைசியாக எந்தப் பக்கம் சாய்த்தாயோ அந்தப் பக்கமே போய்க்கொண்டிருக்கும். கேமரா பிரேமோடு இறுக்கி மாட்டியது; முன்னால் போக ட்ரோன் தலை குனிந்தால் படமும் குனியும். வீட்டை விற்கப் படம் கேட்கிறவருக்குச் சுவர் நேராக நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

அதைச் செய்துகொடுப்பது கேமராவைத் தாங்கிப்பிடிக்கிற கிம்பல். டிஜேஐ கம்பெனியின் முதல் ஃபான்டம் ட்ரோன் 2013-ல் வந்தபோது அதில் கேமராவே கிடையாது, கோப்ரோ கேமராவை அடியில் மாட்டிப் பறக்கவிட்டார்கள். மறு வருடமே மூன்று அச்சு கிம்பலோடு கேமராவும் சேர்ந்து வந்துவிட்டது. சாய்வு, உருளல், திரும்பல் மூன்றையும் குட்டி மோட்டார்கள் எதிர்ப்பக்கம் அசைந்து சரிக்கட்டிவிடும். அதை வீட்டு மேசையில் செய்து சமன்படுத்துவது என் கைக்கே எட்டாத வேலை. பீட்டாஃப்ளைட்டுக்குப் பதில் ஆர்டுபைலட் மென்பொருள் போட்டால் காற்றில் நிற்கவைக்கலாமே என்று கேட்பாய். நிற்கவைக்கலாம். ஆனால் ட்யூனிங் என்று நீ உட்காரப்போகிற வாரக்கணக்கை எந்த வாடிக்கையாளர் பொறுத்துக்கொள்வார்?

ஆகவே தொழிலுக்கு ஒன்றை வாங்கு. கற்றுக்கொள்ள ஒன்றைக் கட்டு. இரண்டையும் ஒரே இயந்திரத்தில் போட்டுக் குழப்பாதே. கட்டியது ஒருநாள் விழும். விழுந்த அன்றைக்குப் பார்த்து உனக்கு வேலை வந்து நிற்கும்.

மலிவு என்றாயே, உன் பட்டியலில் ட்ரோனை ஓட்டுகிற ரேடியோ ரிமோட் எங்கே? ட்ரோன் பார்ப்பதைக் காட்டுகிற, கண்ணில் மாட்டும் கண்ணாடி எங்கே? சார்ஜர் எங்கே? உபரி புரொப்பெல்லர் ஒரு டஜன், உபரி பேட்டரி மூன்று, நல்ல சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர்? எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் மலிவு என்று சொல்.

பேட்டரியைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள். லித்தியம் பாலிமர் பேட்டரி ஒவ்வொரு செல்லும் நிறைந்தால் 4.2 வோல்ட். பறக்கும்போது 3.5-க்கு வந்துவிட்டால் இறக்கிவிடு, 3-க்குக் கீழே இழுத்தால் அந்த செல் பழையபடி ஆகாது. இரண்டு மூன்று நாள் பறக்கப்போவதில்லை என்றால் 3.8-க்குக் கொண்டுவந்து எடுத்துவை. உன் தங்கை முழுக்க சார்ஜ் ஏற்றின பேட்டரியை இழுப்பறையில் போட்டுவிட்டு ஒன்றரை மாதம் மறந்துபோனாள். எடுத்தபோது தலையணை மாதிரி உப்பியிருந்தது, வெல்க்ரோ பட்டை அதைச் சுற்றி எட்டவில்லை. மெல்ல நகப்பூச்சு வாடை அடித்தது. அந்த வாடை வந்துவிட்டால் யோசிக்காதே, அந்த பேட்டரியின் கதை முடிந்தது. 1500 எம்ஏஎச் பேட்டரிக்கு 1.5 ஆம்பியருக்கு மேல் சார்ஜ் வைக்காதே. சார்ஜில் போட்டுவிட்டு வெளியே போகாதே, தூங்காதே. இதில் மட்டும் அம்மா சொன்னால் சொன்னதுதான்.

கட்டும்போது உன்னைத் தோற்கடிக்கப்போவது கம்ப்யூட்டர் வேலை இல்லை, அது உனக்கு வரும். பேட்டரி ஒயர் தடிமன். அது அயர்னின் சூட்டை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். ஈயம் உருகின மாதிரி தெரியும், ஆனால் ஆறினதும் மங்கலாக, மணல் ஒட்டினாற்போல் இருக்கும். அது ஒட்டிப் பிடிக்காத ஈயம். இழுத்தால் கழன்று வரும், பறக்கும்போதுதான் கழலும். ஒயரின் முனைக்கும் போர்டின் திட்டுக்கும் தனித்தனியே முதலில் ஈயம் பூசு, அப்புறம் இரண்டையும் சேர்த்துச் சூடாக்கு. கண்ணாடிபோல் பளபளத்து வழிந்து உட்கார்ந்தால் சரி. மோட்டார் திருகையும் கவனி. ஒரு மில்லிமீட்டர் நீளம் கூடிவிட்டால் உள்ளே செப்புச் சுருளைக் குத்தும், திருகை இறுக்கும்போது உனக்குத் தெரியவே தெரியாது. மூலைக்கு மூலை எதிரெதிராக இருக்கிற மோட்டார்கள் ஒரே திசையில் சுற்ற வேண்டும், பக்கத்துப் பக்கத்து மோட்டார்கள் எதிர்த்திசையில். அதற்கேற்ற புரொப்பெல்லரை மாட்டாவிட்டால் கிளம்பின இடத்திலேயே ஆமைபோல் கவிழும். மேசையில் சோதிக்கிறவரை புரொப்பெல்லரை மாட்டவே மாட்டாதே.

வாங்கப்போகிறதில் மெகாபிக்ஸலைப் பார்த்து மயங்காதே, சென்சார் எவ்வளவு பெரியது என்று கேள். 1/2.3 அங்குல சென்சாரை விட ஓர் அங்குலம் என்று சொல்கிற சென்சாருக்குப் பரப்பு நான்கு மடங்கு. வெளிச்சமான வானமும் இருண்ட தாழ்வாரமும் ஒரே படத்தில் வரும்போதுதான் அந்த வித்தியாசம் உறைக்கும். பெட்டியில் 30 நிமிடம் பறக்கும் என்று போட்டிருந்தால் அது காற்றே இல்லாமல் பேட்டரி தீரும்வரை. உன் கணக்குக்கு 20 என்று வைத்துக்கொள். 250 கிராமுக்குக் கீழே இருந்தால் பல நாடுகளில் கெடுபிடி குறைவு என்பது நிஜம்தான், ஆனால் காசு வாங்கிக்கொண்டு பறக்கவிட்டால் அந்தச் சலுகை எல்லா இடத்திலும் செல்லாது. நீ இருக்கிற நாட்டின் விமானப் போக்குவரத்துத் துறை விதியை நீயே படி. கடைக்காரர் சொன்னார் என்று நம்பாதே. பக்கத்து வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பறக்கவிடு. அவர் வீட்டு மொட்டைமாடியும் உன் படத்தில் விழும்.

என் அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன், உன் தங்கை எப்படியும் சொல்லிவிடுவாள். வாங்கின ட்ரோனை ஒருநாள் கான்கிரீட் மொட்டைமாடியில் வைத்துக் கிளப்பினேன். காம்பஸ் எச்சரிக்கை வந்தது, ஏதோ சின்ன விஷயம் என்று தள்ளிவிட்டேன். தளத்துக்குள் இருக்கிற கம்பி அத்தனையும் காம்பஸைக் குழப்பியிருக்கிறது. மேலே போனதும் நான் எதையும் தொடாமலே செக்குமாடுபோல் சுற்ற ஆரம்பித்தது. முதலில் சின்ன வட்டம், அப்புறம் பெரிசு, அப்புறம் இன்னும் பெரிசு. ஜிபிஎஸ் ஒரு பக்கம் இழுக்க, காம்பஸ் வேறு திசை சொல்ல, அது தன்னைத் தானே துரத்திக்கொண்டிருந்தது. நான் வீடு திரும்பு பொத்தானை அமுக்கினேன். அதுதான் பெரிய தப்பு; அந்தப் பொத்தானும் அதே குழம்பின காம்பஸைத்தானே நம்புகிறது! தண்ணீர்த் தொட்டியில் மோதி விழுந்தது. கையால் ஓட்டத் தெரிந்திருந்தால் இறக்கியிருக்கலாம். அந்த ஐந்து அங்குல ட்ரோனைக் கட்டி ஓட்டிப் பழகினதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

உன்னையும் ஒன்று கட்டச் சொல்கிறேனே, அது இதற்காகத்தான். ஆனால் ஏழு அங்குலம் வேண்டாம், அகலக்கால் வைக்காதே. ஐந்தே போதும். முதலில் ரேடியோவை மட்டும் வாங்கிக் கம்ப்யூட்டரில் சொருகி சிமுலேட்டரில் ஓட்டு. அதில் நூறு தடவை விழுந்தாலும் ஒரு புரொப்பெல்லர்கூட உடையாது.

என் பழைய அயர்னைப் பார்சல் போட்டிருக்கிறேன். முனை புதிது. எல்லாம் சேர்த்து முடித்து முதல் தடவை பேட்டரி மாட்டுவதற்கு முன்னால் எனக்கு வீடியோ கால் போடு. எந்த நேரமானாலும் பரவாயில்லை. கெபாசிட்டரின் வெள்ளைக் கோடு மைனஸ் பக்கம்தான் இருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா